தண்ணீர் தெளித்தால் எழும் பெட்டி

என் மாமனாருக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண் பார்க்கப் போன அன்றே நேராகக் கேட்டுவிட்டார். "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று என் அப்பா முந்திக்கொண்டார். மனுஷன் விடவில்லை. "கம்ப்யூட்டர்ல என்னதுங்க மாப்ள?" என்றார். நான் பேசாமல் காபியைக் குடித்திருக்கலாம். "யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நம்பர்களைச் சேர்த்துக் கொடுக்கிற வேலை" என்றேன். அவர் என் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தயங்கித் தயங்கி, "லாட்டரிச் சீட்டுங்களா? அதைத்தான் நிறுத்திப் போட்டாங்களேங்க" என்றார்.

தட்டத்தோடு நின்ற பெண்தான் என்னைக் காப்பாற்றினாள். "அதில்லீங்கப்பா. போன்ல பணம் அனுப்பறப்ப ஒரு நம்பரு வருதல்லங்க, அந்த மாதிரி ரகசிய நம்பரு. அடுத்தவன் கண்டுபுடிக்கக் கூடாதல்ல, அதுக்கு" என்றாள். என் சொந்த அக்காவுக்கே நான் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை. கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அவள் முடிவு செய்ய இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு கோழிப்பண்ணை இருந்தது. சேந்தமங்கலம் போகிற சாலையிலிருந்து மண்பாதையில் திரும்பினால், கொல்லிமலையைப் பார்த்தபடி நீளமாக இரண்டு செட்டுகள், அதாவது கோழிக் கொட்டகைகள். எல்லாம் முட்டைக்கோழிகள். மாமாவுக்கு முழங்கால் போன பிறகு பண்ணை முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கோழிகளை விட்டுவிட்டு அவள் என் ஊரான ஆத்தூருக்கு வந்து குடித்தனம் நடத்த முடியாது. என் வேலைக்கோ ஒரு மேசையும் இணையமும் போதும். ஆகவே நான்தான் துணிமணியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஆத்தூரில் என் நண்பர்கள் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தீவன மூட்டை அடுக்கிய அறைக்கு அடுத்த அறைதான் என் அலுவலகம். வீடியோ அழைப்பில் என் மேலதிகாரி பேசும்போது பின்னால் கோழிகள் கத்தும். முதலில் அவர் முகம் சுளித்தார். இப்போது கூட்டம் முடிந்ததும் அவரே கோழிகளை விசாரிக்கிறார்.

கோடைதான் எங்களுக்குப் பெரிய பாடு. சித்திரை மத்தியானத்தில் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அதற்காகச் செட்டின் கூரைக்கடியில் ஒரு குழாய் ஓடும். அதிலிருந்து தண்ணீர் பனி மாதிரி தூவும். ஃபாகர் என்பார்கள். அது ஓடினால் கோழி பிழைக்கும். நின்றால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகச் சரிய ஆரம்பிக்கும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானே பிடித்துக்கொள்ளும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தச் சின்ன இடைவெளியில் ஃபாகர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் விழுந்து, மோட்டார் நின்றுவிடும். யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். அந்த யாராவது என் மனைவி. கோடை முழுக்க ஒரு மத்தியானம்கூட அவள் பண்ணையை விட்டு நகர்ந்ததில்லை.

நான் பார்த்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வருஷம் என்னை நம்பி விட்டுவிட்டுக் கிளம்பினாள். வழியில் போன் செய்தாள். நான் காதில் மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தாள், அப்போதும் எடுக்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று மின்சாரம் போகவே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் என்னிடம் செட்டை ஒப்படைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று அவள் கிளம்பியது குலதெய்வக் கோயிலுக்கு. மாமாவின் குலதெய்வம் பனமரத்துப்பட்டிப் பக்கம். வருஷா வருஷம் சித்திரையில் கிடாவெட்டு, அதுவும் உச்சி வெயிலில். கிடாவின் மேல் பித்தளைச் செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் தெளிப்பது மாமாவின் குடும்பத்து உரிமை. தெளித்த பிறகு கிடா தானாக உடம்பை உதறிச் சிலுப்ப வேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது, அதட்டக்கூடாது, காதில் ஊதக்கூடாது. மந்திரியே வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "இந்த வருசத்தோட செம்பப் பங்காளிக்குக் குடுத்தர்றனுங்க மாப்ள. காலு நிக்க மாட்டேங்குது." என்னிடம்தான் சொன்னார், ஆனால் சொன்னது மகளுக்கு. அவள் தலை நிமிராமல் அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவள் பண்ணையை ஏற்றதிலிருந்து அவர் தெளிப்பதைப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் முட்டை அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஏனுங்க, ஒருக்காவாச்சும் அப்பா தெளிக்கறதப் பாக்கோணுமுங்க. உங்களையும் கூட்டிக்கிட்டுப் போய் நிக்கோணும். அதுக்கப்புறம் பாக்க முடியாதல்லங்க."

அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்கிற ஆள் இல்லை. உடனே வீரம் பேசினேன். உனக்குப் பதிலாக மத்தியானம் முழுக்கச் செட்டில் நிற்க ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்றேன்.

"ஆட்டோ ஸ்டாட்டர் மாட்டுனாப் போதாதுங்களா?" என்றார் மாமா. நியாயமான கேள்விதான். ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓடவிடும், நிறுத்தத் தெரியாது. ஃபாகர் ஓடிக்கொண்டே இருந்தால் தீவனம் நனைந்து பூஞ்சை பிடிக்கும், தொட்டியும் காலியாகும். என் பெட்டி செட்டின் சூட்டைப் பார்க்கும், எவ்வளவு நேரம் தூவலாம் என்று முடிவு செய்யும், எல்லாவற்றையும் எங்கள் போனுக்குச் சொல்லும். அக்கம்பக்கத்தில் யாரும் போனிலிருந்து எங்கள் மோட்டாரை ஓட்டிவிடக் கூடாதல்லவா, ஆகவே ரகசியச் சாவி போட்டுப் பேசும். நான் மெனக்கெட்டு இதையெல்லாம் விளக்கினேன். "நல்லதுங்க மாப்ள" என்றார் அவர். அந்த வார்த்தைக்கு, செய்து பாருங்கள் பார்க்கலாம் என்று அர்த்தம்.

உள்ளங்கை அளவு சின்னக் கணினிப் பலகை ஒன்றை வாங்கி, தண்ணீர் புகாத பெட்டியில் வைத்தேன். முகப்பில் பிளாஸ்டிக் தாளுக்கடியில் நான்கு பொத்தான்களும் ஒரு விளக்கும். விளக்கு மஞ்சளாகச் சிமிட்டினால் எழுந்துகொண்டிருக்கிறது, பச்சையானால் தயார். என் மேசையில் நூறு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் சட்டென்று பச்சைக்கு வந்தது. எனக்கு ஒரே பெருமை.

செட்டில் மாட்டிய அன்று நாங்கள் மூன்று பேரும் முன்னால் நின்றோம். மெயினை அணைத்துவிட்டுப் போட்டேன். ஸ்டார்ட்டர் எதிர்பார்த்தபடி விழுந்தது. விளக்கு மஞ்சளாகச் சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான் சிரித்துச் சமாளித்தேன். கோழிகள் வாயைத் திறக்க ஆரம்பித்தன. என் மனைவி போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் ஓடியது. அவள் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் செம்பு அவர் கையில் இருக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பெட்டியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோனேன். உடனே எழுந்தது. செட்டில் கொண்டுபோய் மாட்டினேன். எழவில்லை. மேசையில் எழும், செட்டில் எழாது. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. என் மனைவி மாமாவிடம், "அவுரு பொட்டிகூடச் சண்டை. நீங்க கண்டுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவள் ஆத்தூர்ப் பேச்சை நடித்துக்காட்டி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள், நான் மசியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா செட்டிலிருந்து கூப்பிட்டார். அவர் போனில் எப்போதும் கத்திப் பேசுவார். "மாப்ள, உங்க பொட்டி எந்திரிச்சிருச்சுங்க. பச்ச வெளக்கு எரியுது, மோட்டாரும் ஓடுது."

"என்ன செஞ்சீங்க மாமா?"

"ஒண்ணுஞ் செய்யலீங்க. தண்ணி தெளிச்சனுங்க."

நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். பெட்டி முகமெல்லாம் ஈரத்தோடு நின்றது. விளக்கு பச்சை. மாமா கையில் ஒரு சொம்பு, தோளில் ஈரத் துண்டு. மின்சாரம் போய் வந்திருக்கிறது, பெட்டி மஞ்சளாகச் சிமிட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பாதி உயிரோடு, எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிற ஒன்றைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தை அவர் கை செய்துவிட்டது. கும்பிட்டுக்கொண்டு தெளித்திருக்கிறார். அது எழுந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மின்சாரப் பெட்டியில் தண்ணீரா என்று அவருக்கு ஒரு பாடமே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இன்னொருக்கா அணைச்சுப் போடுங்க" என்றார். அணைத்துப் போட்டேன். மஞ்சள். காத்திருந்தோம். மஞ்சள். அவர் சொம்பிலிருந்து விரலால் தெளித்தார். ஒன்றும் ஆகவில்லை. எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அவர் அலட்டிக்கொள்ளாமல் துண்டை எடுத்து, முகப்பில் வழிந்த தண்ணீரைக் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மேலும் கீழும் நன்றாகத் துடைத்தார். விளக்கு பச்சைக்கு வந்தது. மோட்டார் உறுமியது. பின்னால் வந்து நின்ற என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதற்காகவாவது கோபத்தை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

சாயங்காலத்துக்குள் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கற்பூரமும் கொண்டுவந்திருந்தார்.

தனியே மேசையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுப்பியது தண்ணீர் இல்லை, துண்டு. துண்டு துடைத்தபோது தாளுக்கடியிலிருந்த பொத்தான்கள் மாறி மாறி அமுங்கியிருக்கின்றன. பொத்தான் அமுங்கினால் பெட்டி எழுகிறது என்றால், அது எதற்குக் காத்திருந்தது என்பது இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் தெரியும். என் சோற்றுக்கு வழி செய்கிற விஷயமே அதுதான்.

கணினி ஒரு கறாரான ஆசாமி. சொன்னதைச் சொன்னபடி செய்யும். உனக்குத் தோன்றிய ஒரு எண்ணைச் சொல் என்று அதனிடம் கேட்டால் திகைத்துப்போகும், அதற்கு எதுவும் தோன்றாது. ஆனால் ரகசியச் சாவிக்கு அப்படியோர் எண் கட்டாயம் வேண்டும். ஆகவே இயங்குதளத்தின் உள்மையம், கெர்னல் என்று நாங்கள் சொல்வது, வெளியே நடக்கிற சில்லறை விஷயங்களிலிருந்து அதைப் பொறுக்கிச் சேர்க்கிறது. ஒரு பொத்தான் எப்போது அமுங்கியது, இணையத்தில் ஒரு தகவல் எப்போது வந்து விழுந்தது, இப்படி. எப்போது என்பதை அது மணி பார்த்துக் குறிப்பதில்லை. செயலிக்குள் ஓர் எண்ணி இருக்கிறது. மின்சாரம் வந்ததிலிருந்து அது தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும், கண்மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில்.

லாரியின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற லாரியின் குறுக்கே ஓர் ஆடு வந்துவிடுகிறது, டிரைவர் பிரேக் அடிக்கிறார். அப்போது மீட்டரின் முன்பக்க இலக்கங்களை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். கடைசி இலக்கத்தை டிரைவரே ஊகிக்க முடியாது. கெர்னலுக்கு வேண்டியது அந்தக் கடைசி இலக்கம்தான். அப்படி நிறையச் சேர்த்து, ஒன்றாகக் கலக்கி, போதும் என்று ஆன பிறகுதான் கேட்டவருக்கு எண்ணைத் தரும். அதுவரை கேட்டவர் நிற்க வேண்டும். என் நிரல் அங்கேதான் நின்றிருக்கிறது, ரகசியச் சாவிக்கு எண் கேட்டுக்கொண்டு. மோட்டார் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

மேசையில் ஏன் நிற்கவில்லை என்பதும் விளங்கியது. அங்கே பெட்டியோடு கீபோர்டு இருந்தது, இணைய வயர் இருந்தது, ஓயாமல் தட்டிக்கொண்டு நான் இருந்தேன். செட்டில் அதற்கு யாருமே இல்லை. போனோடு பேசுகிற இணைப்பைக்கூட அது சாவி கிடைத்த பிறகுதான் திறக்கும். சுற்றிலும் ஆயிரக்கணக்கான கோழிகள் இருந்தும் அதைத் தொட ஒரு விரல் இல்லை.

இருந்தாலும் ஒன்று இடித்தது. யாரும் தொடாவிட்டாலும் இன்றைய கெர்னல்களுக்கு ஒரு வழி தெரியும். ஒரு சின்ன வேலையைத் தானே திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் எண்ணி எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கும். ஒரே வேலைதான், ஆனாலும் முறைக்கு முறை நூலிழை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசங்களைச் சேர்த்தே கொஞ்ச நேரத்தில் எண் எடுத்துவிடும். இந்தப் பெட்டி ஏன் அதைச் செய்யவில்லை? எண்ணியைப் படித்துப் பார்த்தேன். பூஜ்யம் என்றது. மறுபடி படித்தேன். மறுபடியும் பூஜ்யம். மலிவான பலகை, அதைச் செய்தவர்கள் எண்ணியைக் கெர்னலுக்குத் திறந்துவிடாமலே அனுப்பிவிட்டார்கள். மீட்டர் கேபிள் அறுந்த லாரி. எத்தனை ஆடு குறுக்கே வந்தாலும் ஒரே இலக்கத்தைத்தான் காட்டும். துண்டு அமுக்கிய பொத்தான்களைக் கெர்னல் தன்னிடமிருந்த மெதுவான இன்னொரு கடிகாரத்தை வைத்துக் குறித்திருக்கிறது, நூலிழை வித்தியாசத்தைப் பிடிக்க அந்தக் கடிகாரம் உதவாது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஓடிப்போய் இரண்டு பேரிடமும் விளக்கினேன். மாமா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்பத் தொட்டதுனாலதான் எந்திரிச்சிருக்குதுங்கறீங்க" என்றார்.

"ஆமா மாமா. நீங்க கிடாவத் தொடக்கூடாதும்பீங்க. இதைத் தொட்டுத்தான் எழுப்பியிருக்கீங்க."

"கெடாவத்தானுங்க தொடக்கூடாது. பொட்டியத் தொடக்கூடாதுன்னு யாருஞ் சொல்லலீங்களே" என்றார்.

என் மனைவி முட்டைத் தட்டை இறக்கிவைத்துவிட்டு, "மொதல்ல கோழிக்குத் தண்ணிய உடச் சொல்லுங்க. அதுபாட்டுக்கு ரகசியம் அப்பறமாப் பேசிக்கட்டும்" என்றாள். அதையும் செய்யத்தான் இருந்தேன், ஆனால் அவள் சொல்லித்தான் செய்தேன் என்று அவள் இன்றும் சொல்லிக்கொள்கிறாள். நான் மறுப்பதில்லை.

மூன்று திருத்தம் செய்தேன். மோட்டாரை வரிசைக்கு முன்னால் கொண்டுவந்தேன், அது இனி எந்த ரகசியத்துக்கும் காத்திருக்காது. அந்தச் செயலியில் வேகமாக ஓடுகிற வேறோர் எண்ணி இருந்தது, அதைக் கெர்னல் படிக்கும்படி திறந்துவிட்டேன். அப்புறம், பெட்டி ஓடுகிறபோதே சேர்த்த கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த முறை எழும்போது அதில் ஊற்றச் செய்தேன், நாளைய பாலுக்கு இன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துவைப்பதுபோல. பிறகு செட்டில் மாட்டி, அணைத்துப் போட்டு, யாரையும் பக்கத்தில் விடாமல் தள்ளி நின்று பார்த்தோம். மோட்டார் உடனே ஓடியது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கும் வந்தது. மாமாவுக்குத்தான் ஏமாற்றம், சொம்போடு வந்திருந்தார்.

அடுத்த நாட்களிலும் அது ஒழுங்காக எழுந்தது. ஆனாலும் கோயிலுக்குப் போவதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் தூண்டவில்லை. பெட்டியை நம்பு என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? தவறினால் சாவது அவள் வளர்த்த கோழிகள். கிடாவெட்டு அன்று காலையில் தீவனம் போட்டு, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, செட்டைச் சுற்றி வந்தாள். பிறகு உள்ளே போய்ப் பட்டுப்புடவையில் வந்து நின்று, "போலாமுங்களா?" என்றாள். மாமா முதல் நாளே போயிருந்தார்.

புதுச்சத்திரம் வந்தபோது என்னையறியாமல் காரின் வேகம் குறைந்தது. "எதுக்கு மெதுவாப் போறீங்க? போங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தேன்.

கோயிலில் கூட்டம். மாமா மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு, பித்தளைச் செம்போடு நின்றார். மகளைப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பங்காளிகளின் கிடாக்கள் ஒவ்வொன்றாக வந்தன, துலுக்கின. எங்கள் கிடா கடைசி. அதை நிறுத்தி, அவர் செம்பில் கைவிட்ட நேரத்தில் என் மனைவியின் போன் அதிர்ந்தது. பெட்டி பேச்சை நிறுத்தினால் எங்களுக்கு ஒரு செய்தி வரும்படி வைத்திருந்தேன். பண்ணையில் மின்சாரம் இல்லை என்று வந்திருந்தது.

இனி பெட்டி எழுந்தால் அதனிடமிருந்து இன்னொரு செய்தி வர வேண்டும். அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வரவில்லை. உச்சி வெயில். அங்கே செட்டில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் கோழிகள் எனக்குக் கண்முன்னால் தெரிந்தன, அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இந்தப் பக்கம் கிடாவும் அசையவில்லை. மாமா தெளித்தார். அது எதையோ மென்றுகொண்டு நின்றது. மறுபடி தெளித்தார். அவருடைய முழங்கால் நடுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஒருவரும் அவரைத் தாங்கப் போகவில்லை, போகவும் கூடாது.

"கிளம்பிடலாமா?" என்று அவள் காதருகில் கேட்டேன். கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. தெரிந்துதான் கேட்டேன்.

அவள் போனை என் சட்டைப் பையில் போட்டாள். "நீங்க வெச்சுக்கங்க. நான் அப்பாவப் பாக்கோணும்" என்றாள்.

பையில் அது அதிர்ந்த மாதிரி இருந்தது. அதிரவில்லை, என் நெஞ்சு அடித்ததுதான் என்றும் தோன்றியது. எடுத்துப் பார்க்கக் கையைக் கொண்டுபோனேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அவள் என் கையைப் பிடித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிடித்த கையை விடாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அவரைப் பார்த்தேன். மாமா மூன்றாவது தடவை செம்பில் கையை நனைத்துத் தெளித்தார். கிடா மெல்லுவதை நிறுத்தியது. பிறகு காதிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது, தண்ணீர் எங்கள் மேலெல்லாம் தெறித்தது. "துலுக்கிருச்சு, துலுக்கிருச்சு" என்று கூட்டம் மூச்சு விட்டது. என் மனைவி அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூட என் கையை விடவில்லை.

மாமா செம்பைத் துணியால் துடைத்து, பக்கத்தில் நின்ற பங்காளியின் கையில் கொடுத்தார். வேறு சடங்கு ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு நொண்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். மகளின் தலையில் கைவைத்து, "வந்துட்டயா சாமி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அங்க துலுக்கிருச்சுங்களா மாப்ள?"

அப்போதுதான் போனை எடுத்தோம். மோட்டார் ஓடுகிறது, செட்டில் சூடு இறங்குகிறது என்று செய்தி இருந்தது. நேரத்தைப் பார்த்தேன். அவள் போனை என் பையில் போட்ட உடனே வந்துவிட்ட செய்தி அது. கிடாவுக்கு முன்னாலேயே பெட்டி எழுந்துவிட்டது. அவள் அதைத் தெரிந்துகொண்டு நிற்கவில்லை, தெரியாமல்தான் நின்றாள்.

செம்பு கைமாறிய பிறகு சில வாரம் மாமாவுக்கு எதிலும் ஒட்டவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு, சொம்பில் தண்ணீரோடு செட்டுக்குப் போனார். பெட்டியின் மேல் தெளித்தார், துண்டால் மேலும் கீழும் துடைத்தார், கும்பிட்டார். இப்போது வாரம் தவறாமல் அது நடக்கிறது. "இனித் தெளிக்க வேண்டியதில்லைன்னு சொல்லீர்றதுதானுங்களே?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள், சொல்லிவிடுவேனோ என்ற பயத்தோடு. நான் சொல்லவில்லை. சொன்னால் அது முழு உண்மையாகவும் இருக்காது. பெட்டிக்கு அந்த உதவி இப்போது தேவையில்லைதான். ஆனால் வருகிற எதையும் கெர்னல் தள்ளுவதில்லை, வாங்கி மற்றவற்றோடு கலந்துகொள்ளும். ஆகவே எங்கள் பண்ணையின் ரகசியச் சாவியில் மாமாவின் கை இருக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.